தேசிய அணியின் டாக்டர் வேலை: கடிதத்தில் இருந்த ஒரு வரி

இந்த ஆய்வில் வரும் மருத்துவரை ‘டாக்டர்’ என்று மட்டும் குறிப்பிடுகிறேன். தன் பெயரோ வேலைக்குக் கூப்பிட்ட அமைப்பின் பெயரோ வரக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் போன் வந்தது. “சார், ஒரு லெட்டர் வந்திருக்கு. அனுப்பி வைக்கிறேன். படிச்சுட்டு நாளைக்குத் திட்டுங்க.” திட்டுவேன் என்று அவருக்கே தெரிந்திருந்தது என்றால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆலோசனை கேட்பார்கள்.

பின்னணி

வயது 33. விளையாட்டு மருத்துவத்தில் எம்.டி. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடமாக இருக்கிறார். காலையில் ஓ.பி., மாலையில் ஓ.பி. ஷட்டில் ஆடி முழங்காலைத் திருகிக்கொண்ட ஐ.டி. ஊழியர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடி ஓடிக் குதிகாலைத் தேய்த்துக்கொண்ட வங்கி மேலாளர், அவ்வப்போது ஒரு ரஞ்சி ஆட்டக்காரர். வீட்டில் வங்கி வேலையில் கணவர், நாலு வயதுப் பெண் குழந்தை, கூடவே மாமியார்.

வந்திருந்தது தேசிய தடகள முகாமில் மருத்துவர் பணி. ஓராண்டு ஒப்பந்தம், பிடித்திருந்தால் நீட்டிக்கலாம். இந்தியாவில் தேசிய முகாம் என்றால் பாட்டியாலா, பெங்களூரு, திருவனந்தபுரம், சில வருடங்கள் நம் ஊட்டி. அதோடு வெளிநாட்டுப் பயிற்சி, போட்டிகள். கூட்டிக் கழித்தால் வருடத்தில் இருநூறு நாள் வீட்டில் இருக்க முடியாது. சம்பளம் இப்போது வருவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

பணத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. பணத்துக்காக யாரும் இந்த வேலைக்குப் போவதில்லை. குழந்தையைப் பற்றி எனக்குத் தயக்கம் இருந்தது, ஆனால் அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை. பிறகு தெரிந்தது, மாமியார் ஒரே வரியில் முடித்துவிட்டாராம்: “உன் புருஷன் ஆடிட்டுக்கு மூணு மாசம் போனப்ப யாரும் எங்கிட்ட வந்து கேக்கலியே.”

இந்த வேலையில் அப்படி என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. நான் திட்டாததற்கு அதுதான் காரணம்.

எங்கள் ஓ.பி.யில் ஒரு தொடைத் தசையைக் காயம்பட்ட பிறகுதான் பார்க்கிறோம். பிசியோவுக்கு அனுப்புகிறோம், ஆறு வாரம் கழித்து வரச் சொல்கிறோம். வலி போய்விட்டால் அவர் வரமாட்டார். வலி போகவில்லை என்றால் வேறு டாக்டரிடம் போய்விடுவார். முகாம் மருத்துவரோ அதே தொடையை மூன்று வருடம் தினமும் பார்க்கிறார். காயத்துக்கு முன் எப்படி இருந்தது, எந்த வாரம் பயிற்சி கூடியது, மறுபடி எப்போது பிடித்துக்கொண்டது, எல்லாமே கண்ணெதிரில் நடக்கும்.

பிரிட்டிஷ் தடகள அணியோடு இருந்த மருத்துவர்கள் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் 2014இல் தசைக் காயங்களுக்கு ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார்கள். 0 முதல் 4 வரை ஓர் எண், பக்கத்தில் ஓர் எழுத்து. காயம் தசையின் உறைப் பக்கம் என்றால் ‘ஏ’. தசையும் தசைநாணும் சேரும் இடம் என்றால் ‘பி’. தசைக்குள்ளே ஓடும் தசைநாணையே தொட்டுவிட்டால் ‘சி’. ‘சி’ வந்தவர்கள் திரும்ப நாளாகிறது, திரும்பினாலும் அதே இடம் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம் என்பதைத் தங்கள் அணியின் ஓட்டக்காரர்களை வைத்தே அடுத்த சில வருடங்களில் காட்டினார்கள். இன்று நானும் சென்னையில் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த எழுத்தைத்தான் தேடுகிறேன்.

டாக்டருக்கும் அந்த ஆசைதான். “நம்ம பிள்ளைங்களோட தரவு நம்மகிட்ட இல்ல சார். வெளிநாட்டுப் பேப்பரை வச்சுதான் ஓட்டிட்டிருக்கோம்.” சரிதான்.

பத்து நாள்

கையெழுத்துப் போடுவதற்கு முன் பத்து நாள் முகாமில் இருந்து பார்க்கிறேன் என்று கேட்டிருந்தார். நல்ல யோசனை, நானே சொல்லியிருக்க வேண்டியது. அங்கிருந்து தினமும் இரவு போனில் சொன்னதில் ஒரு சம்பவத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

மூன்றாம் நாள். ஒரு 400 மீட்டர் ஓட்டக்காரர், வயது 21. மாலைப் பயிற்சியில் நாலாவது 150 மீட்டரில் வளைவு முடியும் இடத்தில் நின்றுவிட்டார். தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை, நொண்டவும் இல்லை. ஷூ லேஸ் அவிழ்ந்ததுபோலக் குனிந்து கட்டினார். லேஸ் அவிழவே இல்லை என்பதை டாக்டர் பார்த்துவிட்டார்.

கூப்பிட்டுக் கேட்டால், “ஒன்றுமில்லை மேடம்.” குப்புறப் படுக்க வைத்து, குதிகாலைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கச் சொன்னால் முகம் மாறுகிறது. அப்போதும் ஒன்றுமில்லைதான். ஊருக்குள் போய் எம்.ஆர்.ஐ. எடுக்க இரண்டு நாள் ஆனது. படத்தில் இருந்தது ‘சி’.

தேர்வுப் போட்டிக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. குறைந்தது நாலு வாரம் முழு வேகம் கூடாது என்று இவர் சொன்னதும் பயிற்சியாளர் மரியாதையாகவே இந்தியில் கேட்டார்: ஒரு ஊசி போட்டால் ஓடிவிட மாட்டானா?

எந்த ஊசி? ஸ்டீராய்டு ஊசி என்றால், 2022 ஜனவரி 1 முதல் எந்த வழியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. முன்பு மூட்டுக்குள் போட்டால் பரவாயில்லை என்று இருந்தது, இப்போது அதுவும் இல்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசிக்குத் தடையில்லை. போட்டால் வலி தெரியாது, கிழிவதும் தெரியாது. டாக்டர் இதைச் சொன்னார். கோச் தலையாட்டினார். அதோடு முடிந்திருந்தால் இந்தச் சம்பவத்தை எழுதியிருக்க மாட்டேன்.

அன்று இரவு ஒன்பதரைக்கு அந்தப் பையன் தனியாக வந்து அறைக் கதவைத் தட்டினான். டாக்டர் பிசியோவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பேசினார். அவன் கேட்டது ஒன்றுதான்: ஸ்கேனைப் பற்றி யாரிடமும் சொல்லாதீர்கள். காயம் என்று எழுத்தில் ஏறிவிட்டால் முகாமிலிருந்து பெயர் போய்விடும். போனால் படுக்கை போகும், சாப்பாடு போகும், விளையாட்டு ஒதுக்கீட்டில் காத்திருக்கும் ரயில்வே வேலை போகும். வீட்டில் இரண்டு தங்கைகள்.

“கோச்சுக்குத் தெரிஞ்சாச்சேப்பா” என்றாராம் இவர். அவன் சொன்ன பதிலை எனக்கு அப்படியே ஒப்பித்தார்: “நீங்க பார்க்காம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது மேடம்.”

ஓ.பி.யில் நோயாளி காசு கொடுத்து நம்மிடம் வலியைக் காட்டுகிறார். முகாமில் வலியைக் காட்டினால் அவருக்குத்தான் நஷ்டம். அதனால் அணி மருத்துவரிடம் வீரர்கள் பொய் சொல்வார்கள். கெட்டவர்கள் என்பதால் இல்லை. அந்த டாக்டர் யாருடைய ஆள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு வரி

இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் நானும் கடிதத்தை ஒழுங்காகப் படித்தேன். ஏழாவது பத்தியில் இருந்தது: மருத்துவர் எல்லா வீரர்களின் உடல்நிலை அறிக்கையையும் வாரம் ஒருமுறை தலைமைப் பயிற்சியாளரிடம் அளிக்க வேண்டும். முதல் தடவை படித்தபோது கண்ணில் படவே இல்லை. நிர்வாக விஷயம் மாதிரி இருந்தது.

கோச்சுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். தெரிய வேண்டியது, நாளைக்கு இந்த ஆள் ஓடலாமா, எவ்வளவு ஓடலாம் என்பது. எந்தத் தசை, எந்த ஹார்மோன், மாதவிடாய் நின்று எத்தனை மாதம், ராத்திரி தூக்கத்துக்கு என்ன மாத்திரை என்பதெல்லாம் வீரருக்கும் மருத்துவருக்கும் இடையில் இருக்க வேண்டியது.

இது வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வேறு ஊர் உதாரணமே வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவத் தகவல் ஊர் ஊராகச் செய்தியாக ஓடியது. எட்டு வருடம் கழித்து 2014இல் ஓட்டக்காரர் டூட்டி சந்த்தை கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குச் சில நாள் முன்பு அணியிலிருந்து நீக்கினார்கள். அவருடைய பரிசோதனை விவரமும் அதே மாதிரி தெருவுக்கு வந்தது. டூட்டி வழக்காடினார்; பெண்களின் உடலில் ஆண் ஹார்மோன் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் ஓடக் கூடாது என்ற விதியை 2015 ஜூலையில் சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. சாந்தியின் பதக்கம் திரும்பவில்லை. இந்த இரண்டிலும் எங்கோ ஒரு மருத்துவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அது யார் மேசைக்குப் போகும் என்று யோசித்துவிட்டுப் போட்டாரா என்பது எனக்கு அடிக்கடி தோன்றும் கேள்வி.

யார் தலையில் விடியும்?

டாக்டரின் அடுத்த கவலை வேறு மாதிரி. தப்பு நடந்தால் யார் பொறுப்பு?

பாரிஸ், 2024 ஆகஸ்ட் 6. மகளிர் 50 கிலோ மல்யுத்தத்தில் வினேஷ் போகட் ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிக்குப் போனார். காலையில் எடை சரியாக இருந்தது. மாலைக்குள் 2.7 கிலோ கூடியிருந்தது. இரவு முழுக்க ஓட்டம், நீராவி அறை, தண்ணீர் கூடக் கிடையாது. கடைசியில் முடியையும் வெட்டிப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 7 காலை 100 கிராம் அதிகம். தகுதி நீக்கம். உடலில் நீர் வற்றி அவரை ஒலிம்பிக் கிராமத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மறு நிமிடமே நாடு கேட்டது: டாக்டர் என்ன செய்தார்? இந்திய அணியின் தலைமை மருத்துவ அதிகாரி தின்ஷா பர்திவாலா. நீரஜ் சோப்ராவுக்கு 2019இல் முழங்கை அறுவை செய்தவர், நாட்டின் முன்னணி விளையாட்டு அறுவை மருத்துவர்களில் ஒருவர். அவர் மேல் வசை பொழிந்தது. சில நாள் கழித்து இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா அறிக்கை விட்டார்: மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்குதல், ஜூடோவில் எடையைப் பார்த்துக்கொள்வது வீரர், பயிற்சியாளர் பொறுப்பு, சங்கம் நியமித்த மருத்துவக் குழுவின் பொறுப்பு அல்ல, அந்தக் குழு போட்டிக்கு இரண்டொரு மாதம் முன்புதான் வந்தது, முக்கியமாகக் காயத்தையும் களைப்பையும் பார்ப்பதற்கு.

இதைப் படித்த டாக்டர் கேட்டார்: “இது முதல்லயே எழுதி வச்சிருந்ததா சார், இல்ல நடந்த பிறகு எழுதினதா?”

எனக்கு இந்தக் கேள்வி பிடித்தது. பொறுப்பு எதுவரை என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் அது வேலை விவரம். அசம்பாவிதத்துக்குப் பிறகு அறிக்கையாக வந்தால், உண்மையாகவே இருந்தாலும் சாக்குபோலத்தான் கேட்கும். 2016 ரியோ மாரத்தானிலும் இதே கதை. நம் ஓட்டக்காரர் ஓ.பி. ஜெய்ஷா 89ஆவதாக வந்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் சரிந்தார். வழியில் நம் அணி சார்பில் தண்ணீர் கொடுக்க ஆளே இல்லை என்றார். தனிப்பட்ட பானம் வேண்டாம் என்று ஜெய்ஷா தரப்பே சொல்லிவிட்டது என்றது தடகளச் சம்மேளனம். எது சரி என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. யார் பாட்டிலை வைப்பது என்பது முந்தின நாள் ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தால் பஞ்சாயத்தே இல்லை.

இதையொட்டி டாக்டர் முகாமில் ஒரு சோதனை செய்து பார்த்தார். நடைப் போட்டிக்காரர்கள் வெயிலில் பயிற்சி செய்யும் இடத்தில் ஐஸ் தொட்டி இருக்கிறதா என்று விசாரித்தார். வெப்பத் தாக்குதலில் முதலில் அங்கேயே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திக் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் ஆம்புலன்ஸ். தொட்டி இல்லை. ஆனால் கேட்ட மறுநாளே ஒரு பெரிய நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்து வைத்தார்களாம். இதை அந்த இடத்துக்கு நல்ல மதிப்பெண்ணாகவே போட்டேன்.

ஒரு பாட்டில் குளுக்கோஸ்

மூன்றாவது விஷயம் ஊக்கமருந்து. எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

நம் ஊரில் களைப்பாக இருக்கிறது என்று போனால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது வழக்கம். ஏற்றாவிட்டால் டாக்டர் கைராசியில்லாதவர். ஆனால் விதிப்படி, மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை, பரிசோதனை தவிர்த்து 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எது ஏற்றினாலும் குற்றம். பாட்டிலில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீராக இருந்தாலும் சரி. விடுமுறைக்கு ஊருக்குப் போன பையனுக்குத் தெருமுனை கிளினிக்கில் 500 மில்லி ஏற்றுகிறார்கள் என்றால், பாசத்தோடு ஏற்றிய அந்தக் கம்பவுண்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சளி மாத்திரையும் அப்படித்தான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் 16 வயது ஆண்ட்ரியா ரடுகான் ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வாங்கினார். சளிக்கென்று அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருந்தது. தங்கம் போனது. மருத்துவரை அடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளுக்கு, அதாவது 2002, 2004க்குத் தடை செய்தார்கள். இதில் வேடிக்கை, அந்த மருந்து 2004இல் பட்டியலிலிருந்து வெளியே போய் 2010இல் ஓர் அளவுக்கு மேல் தடை என்று திரும்பி வந்தது. இந்தப் பட்டியலை வருடா வருடம் ஜனவரியில் புதிதாகப் படிக்க வேண்டும். படித்தது போதும் என்று நினைக்கும் டாக்டருக்கு இந்த வேலை ஆகாது.

மருந்தில் தப்பில்லாமல், வெறும் ஊசியால் மாட்டியவர்களும் உண்டு. 2018 கோல்ட்கோஸ்ட் காமன்வெல்த்தில் ஒரு குத்துச்சண்டை வீரருக்கு விட்டமின் ஊசி போட்ட இந்திய அணி மருத்துவருக்கு, ஊசிகளை விதிப்படி அப்புறப்படுத்தாததற்காக எழுத்துப்பூர்வக் கண்டனம் கிடைத்தது. அதே போட்டியில் அறையில் ஊசி அகப்பட்டதால் இரண்டு தடகள வீரர்களை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள்.

2011இல் நம் 4x400 மகளிர் தொடர் ஓட்டக்காரர்கள் வரிசையாகச் சிக்கியபோது அவர்கள் சொன்னது, உக்ரைன் பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கி வந்த ஜின்செங் என்ற வேர் மருந்தால் வந்த வினை என்று. தீர்ப்பாயம் அதைக் கேட்டும் இரண்டு வருடத் தடையைத்தான் கொடுத்தது. என் கேள்வி அதுவல்ல. முகாமுக்குள் ஒரு டப்பா வருகிறது, ஆறேழு பேர் சாப்பிடுகிறார்கள். அது எந்த மருத்துவரின் பதிவேட்டிலும் ஏறவில்லையா?

பேரம்

சரி, என்ன செய்தார்?

மூன்று மாற்றம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். ஒன்று, கோச்சுக்கு வாரம் ஒருமுறை நிறம் மட்டும் போகும்: பச்சை என்றால் முழுப் பயிற்சி, மஞ்சள் என்றால் குறைத்து, சிவப்பு என்றால் கிடையாது. காரணம் தெரிய வேண்டுமானால் வீரரின் கையெழுத்து வேண்டும். இரண்டு, டாக்டர் சிவப்பு போட்டால் அதை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. மூன்று, மாத்திரை, பவுடர், எண்ணெய், கஷாயம், எதுவானாலும் அவர் பதிவேட்டில் ஏறாமல் முகாமுக்குள் வரக் கூடாது.

மூன்றாவதற்கு இரண்டே நாளில் சம்மதம் வந்தது. ஊக்கமருந்து என்றால் எல்லாருக்கும் கிலி. முதலாவதற்கு மூன்று வாரம் ஆனது. நிறத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கோச் கேட்டாராம், நியாயமான கேள்விதான். சிவப்பு, மஞ்சளுக்குப் பக்கத்தில் ‘எத்தனை நாள்’ என்று எழுதித் தருகிறேன் என்று இவர் இறங்கி வந்தார். இரண்டாவதை அவர்கள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தேர்வுக் குழுவின் முடிவே இறுதியானது என்ற வரி அப்படியே இருந்தது. டாக்டரின் மறுப்பு எழுத்தில் பதிவாகும் என்று மட்டும் சேர்த்தார்கள்.

நான் வேண்டாம் என்று சொன்னேன். சிவப்பை மாற்ற இன்னொருவருக்கு அதிகாரம் இருந்தால் அது சிவப்பே இல்லை என்பது என் கட்சி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இப்போ அங்க யாரும் சிவப்பே போடறதில்ல சார். போட்டு, அதை மாத்தினவங்க பேரும் காகிதத்துல இருந்தா, அடுத்த தடவை யோசிப்பாங்க.” அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

மருத்துவமனையில் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் வாரம் முழுக்க, வீரர்களின் சம்மதத்தோடு அறை அறையாகப் போய்ச் சளி மாத்திரை அட்டைகளைச் சேகரித்ததுதான் வேலை. பார்க்க ஒன்றுபோல இருக்கும் அட்டைகள். சிலவற்றில் தடையில்லாத பினைலெப்ரின், சிலவற்றில் அந்தப் பழைய சூடோஎபெட்ரின். நாற்பத்தொரு அட்டை தேறியதாகப் படம் அனுப்பினார். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, அநேகமாக எல்லாரும் “அம்மா கொடுத்து அனுப்பினது” என்றார்களாம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி, அதே பத்து மணிக்கு மேல், போன் வந்தது.

“சார், இன்னிக்கு ஒருத்தன் தானாவே வந்து வலிக்குதுன்னான்.”

“யாரும்மா? அந்த 400 மீட்டர் பையனா?”

“சொல்ல மாட்டேன்.”

“சரி, எந்தத் தசைன்னாவது சொல்லு.”

“பச்சை இல்ல சார்” என்றார். அதற்கு மேல் என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை.